துரப்புக்கு இப்பாலும் அப்பாலும்: திருவிதாங்கூர் நீர்வழியின் இடைவெளிகள்

1993 பிப்ரவரியில் மேலைக் கடற்கரைக் கால்வாய் ‘தேசிய நீர்வழி 3’ என அறிவிக்கப்பட்டபோது அதன் தென்முனையாகக் குறிக்கப்பட்டது கொல்லம். அங்கிருந்து கொடுங்கல்லூரை அடுத்த கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர். சம்பக்கரை, உத்யோகமண்டல் கிளைகளையும் சேர்த்தால் 205. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வடக்கே கோழிக்கோடு வரை நீட்டியது. தெற்கே சிறிதும் நீட்டவில்லை. ஆனால் இந்நீர்வழியின் தென்பகுதியை வெட்டுவித்த திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் திருவனந்தபுரம். அந்நகரின் வள்ளக்கடவில் படகேறியவர் தரையில் இறங்காமலே கொச்சி வரை செல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது. எந்த நகரத்தைக் காயல்களோடு இணைப்பதற்காக மலையைக் குடைந்து வழி செய்யப்பட்டதோ, அந்த நகரமே தேசிய நீர்வழியின் வரைபடத்துக்கு வெளியே விடப்பட்டது. அதற்கான காரணம் கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட சில மைல்களில் இருக்கிறது. அந்தச் சில மைல்களின் வரலாற்றை அறியாமல், இன்று கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீர்வழியை மீட்கப் போவதாகச் சொல்லும் திட்டத்தை மதிப்பிட இயலாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கால்வாய்’ என்றவுடன் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் தோன்றுவது பக்கிங்ஹாம் கால்வாய். அது பெரும்பகுதி கடற்கரையை ஒட்டி மனிதர் வெட்டிய நீள்கோடு. திருவிதாங்கூர் நீர்வழி அத்தகையதன்று. வேளி, கடினங்குளம், அஞ்சுதெங்கு, இடவா–நடயறை, பரவூர், அஷ்டமுடி, காயங்குளம், வேம்பநாடு என்று தெற்கிலிருந்து வடக்காக வரிசையாகக் கிடக்கும் காயல்களே அதன் உடல். மனிதர் செய்தது, ஒரு காயலுக்கும் அடுத்த காயலுக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டையோ குன்றையோ வெட்டி இரண்டையும் சேர்த்தது மட்டுமே. ஆகவே இந்நீர்வழியின் வரலாறு என்பது அதன் நீளத்தின் வரலாறு அன்று, இடைவெளிகளின் வரலாறு. எந்த இடைவெளி எப்போது அடைக்கப்பட்டது, எது அடைபடாமலே போயிற்று, எது மீண்டும் திறந்துகொண்டது என்பவையே கேட்கத் தகுந்த கேள்விகள்.

மலையாளச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று தருகின்றன. சிறு நீரோடைக்கும் வெட்டிய வாய்க்காலுக்கும் மலையாளத்தில் ஒரே சொல், ‘தோடு’. தமிழின் ‘தோண்டு’ என்னும் வினையோடு அது வேருறவு உடையது. அஷ்டமுடிக் காயலையும் பரவூர்க் காயலையும் இணைக்கும் வெட்டு ‘கொல்லம் தோடு’ என்றே இன்றும் வழங்குகிறது. திருவனந்தபுரத்தையும் கடினங்குளம் காயலையும் இணைக்கும் கால்வாய்க்கோ ‘பார்வதி புத்தனார்’ என்று பெயர்: பார்வதியின் புதிய ஆறு. வெட்டியதையும் ஆறு என்றே அழைக்கும் வழக்கம் மலையாளத்துக்கு மட்டும் உரியதன்று. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் தஞ்சை வட்டாரத்தில் ‘புது ஆறு’தான். ‘வள்ளக்கடவு’ என்ற பெயரில் வள்ளமும் இருக்கிறது, கடவும் இருக்கிறது. வள்ளம் என்பது குமரிக் கடற்கரைத் தமிழிலும் படகைக் குறிக்கும் சொல். கடவு என்பது படகு அணையும் துறை. இன்று அவ்வூரில் வள்ளம் அணைவதில்லை. பெயர் மட்டும் துறையாகவே நிற்கிறது. வர்க்கலையில் இன்னொரு சொல் உண்டு: ‘துரப்பு’. குன்றைத் துளைத்த வழிக்கு மக்கள் இட்ட பெயர் அது. தமிழில் ‘துரப்பணம்’ என்ற தச்சுக் கருவியின் பெயரிலும், ‘தோட்டம் துரவு’ என்ற இணைமொழியிலும் இதே வேரைக் காணலாம். அரசு ஆவணங்கள் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தின. ஊர் தன் வினைச்சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது.

பார்வதி புத்தனாரின் பெயருக்குரியவர் கௌரி பார்வதி பாயி. 1815 முதல் 1829 வரை இளவரசர் சுவாதித் திருநாளுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த அரசி. 1820களில் வெட்டப்பட்ட இக்கால்வாய் முதல் இடைவெளியை அடைத்தது. தலைநகரம் கடினங்குளம் காயலோடும் அதற்கு அப்பால் அஞ்சுதெங்கோடும் இணைந்தது. வடக்கே கொல்லத்துக்கும் இணைப்பு வந்தது. நடுவில் வர்க்கலைக் குன்று நின்றது. தெற்கிலிருந்து வந்த படகு குன்றின் அடிவாரத்தில் நிற்கும். பயணிகள் இறங்கிக் குன்றைக் கடந்து மறுபுறம் வேறு படகில் ஏறுவர். சரக்கு மனிதத் தலைகளின்மேல் ஏறி இறங்கும். சுமந்தவர்கள் யார், என்ன கூலி பெற்றார்கள் என்பது கால்வாய்க்குப் பெயர் வைக்கும் பதிவுகளில் இடம்பெறும் செய்தியன்று. ‘ஊழியம்’ என்ற பெயரில் கூலியற்ற உழைப்பை அரசு கோரிப் பெற்ற நாடு அது என்பதை மட்டும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளலாம். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த நிலை நீடித்தது.

வர்க்கலைக் குன்றைத் துளைக்கும் பணி 1867இல் தொடங்கியது. அப்போது அரசர் ஆயில்யம் திருநாள். திவான், கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ், தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டன். இரண்டு துரப்புகள் திட்டமிடப்பட்டன. நீண்டது ஏறத்தாழ 720 மீட்டர். மற்றது அதில் பாதிக்கும் குறைவு. முழு வழியும் திறக்க 1880 ஆயிற்று. மாதவராவ் 1872இலேயே பதவி விலகிவிட்டார். அவருக்குப் பின் சேஷய்ய சாஸ்திரி, நாணு பிள்ளை என இரு திவான்கள் வந்தனர். ஒரு மைலுக்கும் குறைந்த நீளத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளும் மூன்று திவான்களும் தேவைப்பட்டது ஏன் என்பதற்கு அக்குன்றின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

வர்க்கலை மேட்டின் மேலடுக்கு செம்புரைக்கல். பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்ஙாடிப்புறத்தில் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று 1807இல் அச்சில் பெயரிட்டது இக்கல்லைத்தான். மண்ணுக்குள் ஈரமாக இருக்கையில் கோடரிக்கும் இணங்கும். வெட்டி வெளியில் எடுத்துக் காயவைத்தால் கட்டடம் தாங்கும். மலையாளிகள் ‘வெட்டுகல்’ என்றழைப்பதன் காரணமும் அதுவே. ஆனால் வர்க்கலையில் செம்புரைக்கல்லுக்கு அடியில் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. மேலே விழும் மழைநீர் செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, களிமண் அடுக்கில் தடைபட்டுப் பக்கவாட்டில் கசியும். குன்றின் கடல்முகத்தில் நீரூற்றுகள் தோன்றுவதும், மழைக்காலத்தில் செங்குத்து முகப்பு சரிந்து விழுவதும் இதனாலேயே. இத்தகைய நிலத்தில் குடைவை வெட்டுவதைவிட வெட்டிய குடைவைத் தாங்கி நிறுத்துவது கடினம். கட்டுமானம் முடிந்த பிறகும் அது முடிவதில்லை. கசிவும் சரிவும் ஆண்டுதோறும் வரும். பிற்காலத்து நிகழ்வுகளுக்கு இந்தச் செய்தி முக்கியமானது.

இதே காலத்தில் தெற்கே இன்னோர் இடைவெளி அடைபடாமல் விடப்பட்டது. பூவாறிலிருந்து கடலோரமாகக் கன்னியாகுமரி வரை செல்லத் திட்டமிட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் 1860இல் தொடங்கப்பட்டது. பெயரின் மூன்று உறுப்புகளில் ஒன்று தெய்வத்துக்கு, ஒன்று பேரரசிக்கு, ஒன்று உள்நாட்டு அரசருக்கு. பூவாறையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் வழியும் ஏற்படவில்லை; கன்னியாகுமரியையும் கால்வாய் எட்டவில்லை. இரு முனைகளிலும் இடைவெளியோடு நின்றுபோன அக்கால்வாய் உள்ளூர்ப் படகுகளுக்கு ஓரளவு பயன்பட்டது. நீண்ட வழியாக ஒருபோதும் ஆகவில்லை. 1956 நவம்பர் 1இல் அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று இரையுமன்துறை, தேங்காய்ப்பட்டினம் பக்கம் அது ஊர்களின் நடுவே குறுகிய சாக்கடையாகவும் புதர்மேடாகவும் மாறி மாறித் தென்படுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 111 நீர்வழிகளில் இதன் ஒரு துண்டும் ‘தேசிய நீர்வழி 13’ என்று இடம்பெற்றுள்ளது. அட்டவணையில் எழுதுவதால் மட்டும் நீர் ஓடும் என்றால் இந்தியாவில் வறண்ட ஆறே இராது.

வர்க்கலைத் துரப்பு திறந்தபின் வடக்கும் தெற்கும் ஒரே வழியாயின. திருவனந்தபுரம்–ஷொர்ணூர் என்ற இரு ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகளால் ‘டி.எஸ். கால்வாய்’ என்று அது அழைக்கப்பட்டது. கொப்பரை, கயிறு, மிளகு, நெல் முதலியவற்றைச் சுமந்தவை கெட்டுவள்ளங்கள். அயினிப் பலகைகளை ஆணியின்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிச் செய்த படகுகள் அவை. இன்று ஆலப்புழையில் சுற்றுலாப் பயணியர் ‘ஹவுஸ்போட்’ என்று ஏறுவது அவற்றின் வழித்தோன்றலில். நீராவிப் படகுகளும் பின்னர் வந்தன. மலையாளக் கவி குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16இல் பல்லனையில் மூழ்கி இறந்தது இவ்வழியில் ஓடிய ‘ரிடீமர்’ என்ற படகு கவிழ்ந்ததால்தான். அந்த இரவைப் பற்றிக் கேரளத்தில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. பெருங்கவிஞரும் சாதாரணப் பயணியரும் ஒரே படகில் இரவுப் பயணம் செய்யும் அளவுக்கு அந்நீர்வழி அன்றாடமானதாக இருந்தது என்பதே வரலாற்று நோக்கில் கவனிக்கத்தக்கது.

இந்நீர்வழி மூடப்பட்டதாக எந்த அரசாணையையும் சுட்டிக்காட்ட முடியாது. இருப்புப்பாதை வந்தது, கால்வாய் செத்தது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மறுபாதி தெரியும். கொல்லத்திலிருந்து வர்க்கலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1918 ஜனவரி 1இல். கொல்லத்திலிருந்து வடக்கே கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்கு இணைப்பு முழுமையானது 1958இல். ஆலப்புழைக்கு ரயில் வந்தது 1989இல். அதாவது, காயல் மிகக் குறைவாகவும் வெட்டு மிக அதிகமாகவும் இருந்த தென்பகுதிக்கு ரயில் முதலில் வந்தது. காயல்கள் அகன்று ஆழ்ந்து, தம்மைத் தாமே காத்துக்கொண்ட வடபகுதிக்குக் கடைசியில் வந்தது. எந்த இடத்தில் நீர்வழிக்கு ஆண்டுதோறும் மனித உழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்டதோ, அந்த இடத்தில்தான் அந்த உழைப்புக்குச் செலவிடும் காரணம் முதலில் மறைந்தது. வேம்பநாட்டுக் காயலை யாரும் தூர்வாராமல் விட்டாலும் அதில் படகு போகும். வர்க்கலைத் துரப்பை இரண்டு மழைக்காலம் கவனியாமல் விட்டால் போகாது. 1993இல் தேசிய நீர்வழி கொல்லத்தில் தொடங்கியதற்குக் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

கவனிப்பு நின்றபின் நடந்தவை தெரிந்தவைதாம். கடலும் காயலும் சேரும் ‘பொழி’கள் பருவத்துக்குப் பருவம் மணலால் அடைபட்டன, நீரோட்டம் தேங்கியது. ஆப்பிரிக்கப் பாயலும் ஆகாயத்தாமரையும் பரவின. தேங்காய்மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைக்கும் கயிற்றுத் தொழிலால் அஞ்சுதெங்கு, கடினங்குளம் பக்கத்துக் கரைநீர் கறுத்தது. ஒருகாலத்தில் அதே மட்டையைப் படகுகள் ஏற்றிச் சென்றன என்பதால் தொழிலும் வழியும் ஒன்றையொன்று தாங்கின. படகு நின்றபின் தொழிலின் கழிவு மட்டும் நீரில் எஞ்சியது. திருவனந்தபுரத்தில் நகரக் கழிவு முழுவதும் தேடிய தாழ்ந்த வழி பார்வதி புத்தனார். கரையில் குடிசைகள் எழுந்தன. ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லால் இதனைக் கடந்துவிடுவது எளிது. நிலமில்லாதவர்க்கு நகரத்தில் கிடைக்கக்கூடிய ஒரே நிலம், எவரும் பயன்படுத்தாத பொது நிலம். படகு போகாத கால்வாயின் கரை அத்தகைய நிலம். ஆகவே கால்வாயைக் கைவிட்டது முதலில் அரசு. குடியேறியவர்கள் இரண்டாவதாக வந்தவர்கள்.

2017இல் கேரள அரசும் கொச்சி விமான நிலைய நிறுவனமும் இணைந்து நீர்வழிகளுக்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தின. 2021 பிப்ரவரியில் வள்ளக்கடவிலிருந்து சூரியவிசைப் படகு ஒன்று புறப்பட, முதற்கட்டம் திறந்து வைக்கப்பட்டது. கரிக்ககத்தில் படகுக்கு வழிவிட மேலே உயரும் எஃகுப் பாலமும் வந்துள்ளது. இவை சிறிய செயல்கள் அல்ல. பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர் மட்டும் நகர்ந்த இடத்தில் நீரைக் கண்ணில் காட்டியது மக்களிடம் ஓரளவு நம்பிக்கையையும் ஏற்படுத்தியது.

ஆனால் அரசு மலையாளத்திலும் செய்தித்தாள்களிலும் இப்பணிக்கு வழங்கும் சொல் ‘நவீகரணம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். பழுது நீக்குவதும் நவீகரணம். பழையதை நீக்கிப் புதியது கட்டுவதும் நவீகரணம். தமிழின் ‘புதுப்பித்தல்’ என்பதிலும் இந்த இருபொருள் இல்லாமலில்லை. திட்டத்தில் இவ்விரண்டும் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. பார்வதி புத்தனாரையும் கொல்லம் தோட்டையும் தூர்வாருவது முதல் பொருளில் நவீகரணம். வடக்கே மயிலழி (மாஹி) ஆற்றுக்கும் வளபட்டணம் ஆற்றுக்கும் இடையே கண்ணூர் மாவட்டத்தில் மூன்று துண்டுகளாக 26 கிலோமீட்டருக்கும், நீலேசுவரத்துக்கும் பேக்கலுக்கும் இடையே ஆறரைக் கிலோமீட்டருக்கும் புதிதாகக் கால்வாய் வெட்டுவது எந்தப் பொருளிலும் மீட்பு அன்று. அங்கே முன்பு கால்வாயே இருந்ததில்லை. வீடும் வயலும் இருக்கின்றன. கண்ணூரில் எழுந்த எதிர்ப்பை ‘நீர்வழி மீட்புக்கு எதிர்ப்பு’ என்று எழுதுவது சொல்லளவிலேயே பிழை.

தெற்கே வேறொரு சிக்கல். தேசிய நீர்வழிக்குரிய பெரும் சரக்குப் படகுகளுக்கு இரண்டு மீட்டர் ஆழமும் கணிசமான அகலமும் வேண்டும். தோட்டை அகலப்படுத்தலாம், அதற்குக் கரையிலுள்ள குடும்பங்களைப் பெயர்க்க வேண்டும். துரப்பை அகலப்படுத்துவது தூர்வாரும் வேலையன்று. 1867இன் வேலையை மறுபடியும், இம்முறை மேலே சாலைகளும் வீடுகளும் நெருங்கிய ஒரு குன்றில், செய்வது. கெட்டுவள்ளங்களுக்காக வெட்டிய குடைவில் அவற்றின் அளவுப் படகுகளே போகும். இதனை ஒப்புக்கொண்டால் கோவளம் முதல் பேக்கல் வரை ஒரே சரக்குவழி என்ற எண்ணமே மாற வேண்டியிருக்கும். அதனால்தான் போலும், வர்க்கலைத் துரப்புகளின் சீரமைப்பு பெரும்பாலும் சுற்றுலாவை ஒட்டியே பேசப்படுகிறது.

நீர்ப்போக்குவரத்தே காலாவதியானது என்ற முடிவுக்கு இதனால் வர வேண்டியதில்லை. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ என்ற சூரியவிசைப் படகு நாள்தோறும் மக்களை ஏற்றிச் செல்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ தீவுகளில் வாழ்வோரின் தேவையை முன்வைத்தது. இரண்டிலும் புதிதாகக் கரை வெட்டப்படவில்லை. இருந்த காயலில், இருந்த பயணிகளுக்குப் படகு விடப்பட்டது. இவற்றின் நீளத்தை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. கால்வாய் மீட்பை எதிர்ப்போருக்கும் ஒரு கேள்வி உண்டு. படகு போகாத பார்வதி புத்தனாரில் கழிவைக் கொட்டுவதைத் தடுத்துக் கேட்கும் உரிமையோ தேவையோ எவருக்கும் இருக்கவில்லை. படகு ஓட்டுபவர் நாள்தோறும் அந்நீரில் இறங்குபவர். பாயல் சுழலியில் சிக்கினால் முதலில் புகார் சொல்பவர் அவர். 

அந்தப் படகோட்டிக்கும் கரையில் வசிப்பவருக்கும் இடையில் காயலில் வலையூன்றும் மீனவர் இருக்கிறார். கொல்லம்–கோட்டப்புறம் வழியில் ஊன்றுவலைகளும் சீனவலைகளும் படகுத்தடத்தில் நிற்பது நெடுங்காலச் சிக்கல். குட்டநாட்டு நெல்லுக்காக 1955இல் தோட்டப்பள்ளியில் நீர்ப்போக்கியும் 1975இல் தண்ணீர்முக்கத்தில் உப்புநீர்த் தடுப்பணையும் வந்தபோதும் நீரின் உரிமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியது. படகுக்குத் தடம், நெல்லுக்கு நன்னீர், மீனுக்கு உப்புநீர், வீட்டுக்குக் கரை என்ற நான்கு கோரிக்கைகள் ஒரே காயலின்மீது நிற்கின்றன. 1880இல் துரப்பு திறந்தபோது இவற்றில் முதலாவதை மட்டும் அரசு எழுதி வைத்தது. இன்றைய திட்ட அறிக்கைகள் இழப்பீட்டுப் பட்டியலில் கரைவீட்டையும் சேர்க்கின்றன. அதுவும் வீட்டுக்கு ஆவணம் இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் வேறொரு வகை. 1820களில் கால்வாய் வெட்டியவர்களும் அதற்குப் பின் வர்க்கலைக் குன்றில் சுமை தூக்கியவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பார்வதி புத்தனாரின் கரையில் வாழும் குடும்பங்கள் முதன்முறையாக அதன் ஆவணத்தில் பெயர் பெறுவது, அங்கிருந்து பெயர்க்கப்பட வேண்டியவர்கள் என்ற முறையில்.